குலுக்கவா, ஊற விடவா, தொடாமல் விடவா: கழிவும் கடல் வண்டலும் எவ்வளவு கசியவிடும் என்று அளக்க எந்தச் சோதனை?

மேசையில் இரண்டு மாதிரிகள். ஒன்று குப்பை எரியுலையின் அடியில் சேர்ந்த சாம்பல். தொட்டால் மொரமொரவென்று இருக்கிறது, உள்ளே கண்ணாடிச் சில்லும் துருப்பிடித்த ஆணியும் கிடக்கின்றன. இன்னொன்று துறைமுகத்தில் தூர்வாரியபோது எடுத்த வண்டல். தார் போலக் கறுப்பு, மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். இரண்டையும் கொண்டுவந்தவர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "இதில் ஈயம் எவ்வளவு இருக்கு?"

அதைச் சொல்வது சுலபம். இராஜ திராவகம் என்னும் கடும் அமிலக் கலவையில் வேகவைத்து, கரைசலைக் கருவியில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் எண் கிடைத்துவிடும். ஆனால் கொஞ்ச நேரம் பேசினால் அவருக்கு வேண்டியது வேறு என்று தெரியும். இந்தச் சாம்பலைச் சாலைக்கு அடியில் பரப்பினால், இந்த வண்டலைக் கடலிலேயே வேறு இடத்தில் கொட்டினால், எவ்வளவு ஈயம் தண்ணீரோடு போகும்? அதற்கென்று ஒரு டஜன் சோதனைகள் இருக்கின்றன. ஒரே சாம்பலை அத்தனைக்கும் அனுப்பினால் ஒரு டஜன் எண்கள் வரும். எதுவும் பொய்யில்லை. ஒவ்வொரு சோதனையும் தண்ணீரையும் பொருளையும் ஒவ்வொரு விதமாகச் சந்திக்க வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் சோதனையைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் கேட்பது இதுதான்: இந்தப் பொருளைத் தண்ணீர் நிஜத்தில் எப்படிச் சந்திக்கப் போகிறது?

மொத்த அளவோடு நிறுத்திக்கொண்டால்

பெட்டியில் எவ்வளவு நகை இருக்கிறது என்பது ஒரு கணக்கு, திருடன் கைக்கு எவ்வளவு எட்டும் என்பது வேறு கணக்கு. கண்ணாடிபோல உருகி உறைந்த உலைக்கசடில் குரோமியம் கிலோவுக்குக் கிராம் கணக்கில் இருக்கலாம், தண்ணீருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராமலும் போகலாம். சாம்பலில் இருக்கும் குளோரைடு நேர்மாறு. கிட்டத்தட்ட முழுவதும் முதல் சில மழையிலேயே கிளம்பிவிடும்.

ஆனாலும் மொத்த அளவு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதுதான் உச்சவரம்பு, இருப்பதைவிட அதிகம் வெளியே வர முடியாது. இதை வைத்து ஒரு சிக்கனமான வழி உண்டு. கழிவிலிருந்து நச்சு கசிகிறதா என்று பார்க்கும் அமெரிக்காவின் டி.சி.எல்.பி. சோதனையில் ஒரு கிலோ பொருளுக்கு 20 லிட்டர் திரவம் சேர்ப்பார்கள். ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். அப்படியானால் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக ஈயம் உள்ள பொருள், அத்தனையும் கரைந்தாலும் வரம்பைத் தாண்டாது. சோதனைச் செலவே மிச்சம்.

ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் 1977 முதல் 1990 வரை பாதரச வண்டலை அகற்றியபோது, 25 பி.பி.எம்.-க்கு (கிலோவுக்கு 25 மில்லிகிராம்) மேல் பாதரசம் உள்ள வண்டலை எடுப்பது என்று முடிவு செய்தார்கள். சுமார் 15 லட்சம் கனமீட்டர் சேறு. பார்த்தால் வெறும் மொத்த அளவை வைத்து எடுத்த முடிவு போலத் தெரியும். ஆனால் கடல் வண்டலுக்கு ஜப்பான் வைத்திருந்த தற்காலிக அகற்றல் விதியில் ஒரு சூத்திரம் உண்டு. ஓத ஏற்ற இறக்கத்தின் உயரம், வண்டலிலிருந்து பாதரசம் கரைந்து வெளியேறும் வீதம், ஒரு பாதுகாப்புக் காரணி, இந்த மூன்றையும் அதில் போடவேண்டும். மொத்த அளவுக்கு வைக்கும் வரம்புக்குப் பின்னாலும் வெளியேற்றத்தை அளந்த ஒரு சோதனை இருக்கத்தான் செய்கிறது.

ஒரு புட்டி, ஒரு நாள்

அதிகமாகப் புழங்குவது குலுக்கல் சோதனை. ஐரோப்பாவின் பொதுத் தர முறைகளான ஈ.என். தாள்களில் 12457 வரிசையில் இரண்டாம் பாகம்தான் பெரும்பாலும் கேட்கப்படுவது. பொருளை 4 மில்லிமீட்டருக்குக் கீழ் நொறுக்கி, கிலோவுக்கு 10 லிட்டர் சுத்த நீர் ஊற்றி, 24 மணி நேரம் புட்டியைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டே இருந்து, 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து அளக்கவேண்டும். மறுநாள் கையில் எண் இருக்கும். 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் கழிவுக் கிடங்குகளுக்கு வைத்த வரம்புகள் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப்படுகின்றன. இந்த விகிதத்தில் ஈயத்துக்கு, மந்தக் கழிவுக் (எதனோடும் வினைபுரியாத கழிவு) கிடங்கில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அபாயக் கழிவுக் கிடங்கில் 50. நடுவில் நூறு மடங்கு வித்தியாசம். எந்த வாசலுக்குள் போகலாம் என்று தீர்மானிக்க இந்தச் சோதனை போதும். வாரம் ஒருமுறை உலையிலிருந்து வரும் சாம்பல் போன வாரம் மாதிரியே இருக்கிறதா என்று பார்க்கவும் போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

டி.சி.எல்.பி.யின் கதை வேறு. 1990-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க முறை அது. வீட்டுக் குப்பையோடு தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்து அழுகும் ஒரு கிடங்கைக் கற்பனை செய்து அமைத்தது. அழுகும் குப்பையில் கரிம அமிலம் ஊறும் என்பதால் தண்ணீருக்குப் பதிலாக அசிட்டிக் அமிலக் கரைசல். சாதாரணப் பொருளுக்கு 4.93 பி.எச். (அமில கார அளவு, 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்), காரம் மிகுந்த பொருளுக்கு 2.88. நிமிடத்துக்கு 30 சுற்று, 18 மணி நேரம். அந்தக் கற்பனைக் கிடங்குக்கு அது சரி. சாலைக்கு அடியில் கிடக்கும் உலைக்கசடுக்கும் தனியாகக் குவித்த சாம்பலுக்கும் அங்கே அசிட்டிக் அமிலத்தை யார் கொண்டுவந்து ஊற்றப் போகிறார்கள்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுவே 1991-லும் 1999-லும் இந்தக் குறையை எழுதிக் கொடுத்தது.

இதில் ஒரு தந்திரமும் நடந்தது. ஈயம் கலந்த வார்ப்பு மணலில் சில வார்ப்பாலைகள் இரும்புத் துருவலைக் கலந்தன. புட்டிக்குள் புது இரும்பு, கரைந்த ஈயத்தைப் பிடித்து இழுத்துவிடும், எண் வரம்புக்குள் வந்துவிடும். வெளியே கிடங்கில் அந்த இரும்பு துருப்பிடித்த பிறகு அதே பாதுகாப்பு இருக்குமா? இருக்காது. 1998-இல் அமெரிக்க விதியிலேயே இது கூடாது என்று சேர்த்தார்கள். ஒரே எண்ணைக் குறிவைத்து விதி போட்டால், பொருளை விட்டுவிட்டு எண்ணைத் திருத்தத்தான் ஆள் கிளம்புவார்கள்.

பி.எச். வளைகோடு: எனக்குப் பிடித்தது

ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈயம் ஈரியல்பு உள்ள உலோகம். அமிலத்தில் கரையும், கடும் காரத்திலும் கரையும், நடுவில் அடங்கிக் கிடக்கும். பி.எச். 8 முதல் 10 வரை அதன் கரைதிறன் பள்ளத்தில் இருக்கிறது. 12-ஐத் தாண்டினால் நூறு மடங்கு, சில சாம்பல்களில் அதற்கும் மேலே ஏறும். உலையிலிருந்து புதிதாக வந்த அடிச்சாம்பலின் பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும். சுத்த நீரில் குலுக்கினால் நீரின் பி.எச்.-ஐச் சாம்பல்தான் தீர்மானிக்கும், எனவே ஈயம் ஏறியே தெரியும். அதே சாம்பலைச் சில மாதம் திறந்த வெளியில் குவித்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றி, பி.எச். 8 அல்லது 9-க்கு இறங்கும். ஈயம் அடங்கிவிடும். அதே சாம்பலை அமிலச் சோதனையில் போட்டால், சாம்பலில் காரம் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்து முடிவு பி.எச். 5-லும் நிற்கலாம், 9-லும் நிற்கலாம். 9-இல் நின்றால் தேறிவிட்டது, 5-இல் நின்றால் தோற்றுவிட்டது. அளந்தது ஈயத்தையா, சாம்பலில் மிச்சமிருந்த காரத்தையா?

பி.எச். சார்புச் சோதனை இந்தக் குழப்பத்தை நேராக எதிர்கொள்கிறது. மாதிரியை மைய அரைத்து, பல புட்டிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு அமிலமோ காரமோ சேர்த்து, கடைசியில் நிற்கும் பி.எச்.-ஐ வரிசையாக அமைப்பார்கள். ஐரோப்பாவின் ஈ.என். 14429-இல் 4 முதல் 12 வரை குறைந்தது எட்டுப் புள்ளிகள், 48 மணி நேரம். அமெரிக்காவின் 1313-ஆம் முறையில் 2 முதல் 13 வரை ஒன்பது புள்ளிகளும், எதுவும் சேர்க்காத ஒரு புட்டியும். முடிவில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். வளைகோடு கையில் இருந்தால் நாளைக்குச் சாம்பல் கார்பனேட் ஆனாலும், மேலே அமில மழை பெய்தாலும், பக்கத்தில் சிமெண்ட் வந்தாலும், அந்த பி.எச்.-க்கு நேராக விரலை வைத்துப் படிக்கலாம். எவ்வளவு அமிலம் சேர்த்தோம் என்ற கணக்கிலிருந்து, இந்தப் பொருள் தன் காரத்தை எத்தனை காலம் தாங்கும் என்பதும் கிடைக்கும். அது தனி லாபம்.

வளைகோட்டின் வடிவமே பேசும். ஈயமும் துத்தநாகமும் கிண்ணம் போல நடுவில் குழிந்திருக்கும். குளோரைடும் சோடியமும் தட்டையான கோடு, பி.எச். பற்றி அவற்றுக்குக் கவலையே இல்லை. தாமிரம் கிண்ணமாக இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் தூர்ந்து மேடாக நின்றால், சரியாக எரியாத கரிமப் பொருள் கரைந்து தாமிரத்தோடு அணைவாகி (கரையும் கூட்டணியாகப் பிணைந்து) அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். ஆன்டிமனிதான் வயிற்றெரிச்சல். சாம்பல் புதிதாகக் கடும் காரத்தில் இருக்கும்போது கால்சியத்தோடு சேர்ந்து அடங்கியிருக்கும், கார்பனேட் ஆகி பி.எச். இறங்கியதும் வெளியே வரும். ஈயத்துக்காகச் சாம்பலை மாதக்கணக்கில் ஆறவைத்தவர்கள் ஆன்டிமனி வரம்பில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

2010 அக்டோபர் 4-இல் ஹங்கேரியின் அய்க்காவில் அலுமினா ஆலையின் சிவப்புக் கழிவுச் சேற்று அணை உடைந்தது நினைவிருக்கலாம். அந்தச் சேற்றுநீரின் பி.எச். 13-ஐ ஒட்டி இருந்தது. ஆர்சனிக், வனேடியம், மாலிப்டினம் போன்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர் மின்சுமை கொண்ட அயனியாகத் திரிபவை, காரத்தில்தான் அவை தாராளமாகக் கரையும். அப்படிப்பட்ட கழிவை அமிலத்தில் குலுக்கித் தேர்ச்சி கொடுத்தால், சோதித்தது அந்தக் கழிவின் ஆபத்தையே அல்ல.

குறை இல்லாமல் இல்லை. மைய அரைத்துவிடுவதால் இது கிட்டத்தட்டச் சமநிலையை அளக்கிறது. எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதை இது சொல்லாது. பத்துப் புட்டிக்குப் பத்துப் பகுப்பாய்வு, செலவும் அப்படியே.

குழாயும் தொட்டியும்

வேகம் வேண்டும் என்றால் இரண்டு வழி. பொருள் தூளாகக் குவிந்து கிடந்து தண்ணீர் அதன் ஊடே போகுமானால் குழாய்ச் சோதனை. சிமெண்ட் கட்டி போல இறுகி, தண்ணீர் அதைச் சுற்றி மட்டும் போகுமானால் தொட்டிச் சோதனை. இரண்டையும் மாற்றிப் போட்டால் பதில் வீண்.

குழாயில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பொருளை நிரப்பி, கீழிருந்து மேலாக நாளுக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் நீரைச் செலுத்துவார்கள். கிலோவுக்கு 0.1 லிட்டரில் தொடங்கி 10 லிட்டர் வரை ஏழு பங்காகப் பிடிப்பார்கள். சாம்பலாக இருந்தால் முதல் பங்கு தேநீர் நிறத்தில், நாக்கில் வைக்கக் கூடாத உப்போடு வரும். கடைசிப் பங்கு பார்க்கக் குடிநீர் மாதிரி இருக்கும். ஒரே புட்டியில் 10 லிட்டரை மொத்தமாக ஊற்றிக் குலுக்கும்போது இந்த இரண்டும் கலந்து சராசரியாகிவிடுகிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் கொட்டப்போகிறவருக்கு அந்த முதல் பங்குதான் முக்கியம்.

இந்த விகிதத்தை வருடக் கணக்காக மாற்றவும் முடியும். ஒரு மீட்டர் தடிமனுக்குப் பரப்பிய சாம்பல், கனமீட்டருக்கு 1.5 டன். வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு கிலோவும் வருடத்துக்கு 0.2 லிட்டர் நீரைப் பார்க்கிறது. முதல் பங்கு அரை வருடம், 10 லிட்டர் என்பது 50 வருடம். அதே சாம்பலைப் பத்து மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் 500 வருடம். எனவே உயரக் குவியலில் கசிநீர் தலைமுறைகளுக்கு முதல் சில பங்குகள் மாதிரியேதான் வரும். ஆய்வகத்தில் சோதனை முடிய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தை ஒப்பந்தக்காரர்கள் தாங்கமாட்டார்கள் என்பதுதான் இதன் பெரிய குறை.

தொட்டிச் சோதனையில் கட்டியை அப்படியே நீரில் மூழ்கவைத்து, குறித்த நாட்களில் நீரை மாற்றுவார்கள். பழைய டச்சு முறையில் அந்த நாட்கள் 0.25, 1, 2.25, 4, 9, 16, 36, 64. வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்: 0.5, 1, 1.5, 2, 3, 4, 6, 8. வெறும் விரவலால் (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவதால்) மட்டும் வெளியேறினால் மொத்த வெளியேற்றம் காலத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும், அதைப் பிடிக்கத்தான் அந்த நாட்கள். புள்ளிகள் அந்த வளர்ச்சியை விட்டு மேலே துள்ளினால் கட்டி கரைகிறது அல்லது விரிசல் விடுகிறது. கட்டியை நொறுக்கிக் குலுக்கல் சோதனைக்கு அனுப்புவது வேறு ஒன்றைச் சொல்லும்: இந்தக் கட்டி ஒருநாள் இடிந்து தூளானால் என்ன ஆகும்? அதுவும் நியாயமான கேள்விதான், கேட்பவர் தெரிந்து கேட்கவேண்டும்.

கடல் வண்டலுக்கு வரும்போது

இதுவரை சொன்னதில் எல்லாம் பி.எச்.தான் எஜமான். கடல் நீரின் பி.எச். 8.1-ஐ ஒட்டி, கார்பனேட் தாங்கிப் பிடிப்பதால் பெரிதாக அசையாமல் இருக்கும். அங்கே எஜமான் ஆக்சிஜன்.

ஒளிபுகும் குழாயில் எடுத்த வண்டலைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு, அதற்குக் கீழே சாம்பல் நிறம், அப்புறம் கறுப்பு. பழுப்புத் தோல் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள். வண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று செரிக்க முதலில் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, அப்புறம் நைட்ரேட், மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, அதுவும் தீர்ந்தால் சல்பேட். கடல் நீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை, கிலோவுக்கு 2.7 கிராம். அது சல்பைடாகிறது, கறுப்பு நிறமும் நாற்றமும் அதனால்தான். காட்மியம், ஈயம், துத்தநாகம், தாமிரம் எல்லாம் அந்தச் சல்பைடில் பூட்டிக் கிடக்கின்றன. ஆர்சனிக்கும் பாஸ்பேட்டும் அப்படியில்லை. அவை மேலே உள்ள பழுப்பு இரும்பு ஆக்சைடில் ஒட்டியிருப்பவை, இரும்பு ஒடுங்கிக் கரைந்தால் அவையும் கிளம்பிவிடும்.

ஆகவே ஒரே சேற்றில் இரண்டு எதிரெதிர் ஆபத்துகள். ஆக்சிஜன் உள்ளே வந்தால் காட்மியமும் துத்தநாகமும் அவிழும். ஆக்சிஜன் தீர்ந்தால் ஆர்சனிக், பாஸ்பேட், மாங்கனீசு அவிழும். எந்தத் தனிமம் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரியாமல் சோதனையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தூர்வாரும் நேரத்துக்கென்று ஒரு கலக்கல் சோதனை உண்டு. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. வண்டல் ஒரு பங்கு, அந்த இடத்து நீர் நான்கு பங்கு, 30 நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் படியவிட்டு, தெளிந்த நீரை எடுத்து அளக்கவேண்டும். வாளி சேற்றை அள்ளும்போது சுற்றியுள்ள நீர் என்னவாகும் என்பதற்கு இது நேரான பதில். இதில் உலோகம் பெரும்பாலும் கம்மியாகவே வரும். இரும்புச் சல்பைடு காற்றுப் பட்டதும் சிதைந்து, உடனே புது இரும்பு ஹைட்ராக்சைடு துகளாக விழுந்து, அவிழ்ந்த உலோகத்தை மறுபடி வாரிக்கொள்கிறது. அம்மோனியாவும் மாங்கனீசும் நீரில் நிற்கும். பார்த்துவிட்டு "உலோகப் பிரச்சினையே இல்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த அரை மணி நேரத்துக்கு இல்லை, சரி. அடுத்த வருடத்துக்கு?

வண்டல் கிடக்கும் இடத்திலேயே கிடக்கப்போகிறது என்றால் என் தேர்வு கலைக்காத குழாய். மேலே உள்ள நீரோடு சேர்த்தே எடுத்து, இருட்டில், அந்தக் கடலடியின் வெப்பநிலையில் வைத்து, சேறு கிளம்பாமல் மேல்நீரை மெல்லச் சுழற்றி, நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் நீர் எடுத்து அளக்கவேண்டும். கணக்கு எளிது. மேல்நீர் 20 சென்டிமீட்டர் உயரம், ஆர்சனிக் நாளுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஏறுகிறது என்றால், சதுர மீட்டருக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் வெளியேறுகிறது. இரண்டு குழாயில் காற்றைக் குமிழவிட்டும் இரண்டு குழாயில் நைட்ரஜனைக் குமிழவிட்டும் ஓட்டினால், கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிடும். நைட்ரஜன் குழாயில் பழுப்புத் தோல் நாளுக்கு நாள் மெலிந்து மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எந்தக் கருவியும் வேண்டாம்.

வண்டல் துகள்களுக்கு நடுவே நிற்கும் இடைவெளி நீரை அளக்கும் வழிகளும் இருக்கின்றன. சவ்வு மூடிய சிறு அறைகள் கொண்ட தட்டை வண்டலுக்குள் செருகி இரண்டு மூன்று வாரம் விட்டுவைப்பது ஒன்று. 1994-இல் டேவிசனும் ஜாங்கும் அறிமுகப்படுத்திய டி.ஜி.டி. என்னும் களிப் படலம் இன்னொன்று. முதலாவது அங்கே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது உலோகத்தைத் தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், எடுக்க எடுக்க வண்டல் எவ்வளவு வேகமாக ஈடுசெய்கிறது என்று சொல்லும். ஆர்சனிக்குக்கு வேறு உறிஞ்சு படலம் கேட்டு வாங்கவேண்டும், உலோகத்துக்கானது அதைப் பிடிக்காது.

சல்பைடு கணக்கு மலிவானது. குளிர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கிளம்பும் சல்பைடையும், அதோடு வெளிவரும் உலோகங்களையும் மோல் கணக்கில் ஒப்பிடுவது. சல்பைடு அதிகமிருந்தால் காட்மியம், தாமிரம், ஈயம், நிக்கல், துத்தநாகம் ஐந்தும் பூட்டில் இருக்கின்றன என்று கொள்ளலாம். அடுத்த புயலில் சேறு கலங்காதவரை.

அப்புறம் படிப்படியாகப் பிரித்தெடுக்கும் முறைகள். 1979-இல் டெசியரும் கூட்டாளிகளும் தந்த ஐந்து படிகள், பிறகு பி.சி.ஆர். என்னும் ஐரோப்பிய அளவீட்டு அமைப்பு வகுத்த மூன்று படிகள். அசிட்டிக் அமிலத்தில் ஒன்று, ஹைட்ராக்சிலமீனில் ஒன்று, பெராக்சைடில் ஒன்று. ஆய்வுக் கட்டுரைகளில் இதுதான் கொடிகட்டிப் பறக்கிறது, வண்ணப் பட்டை வரைபடம் அழகாக வரும். முடிவெடுக்க நான் இதை நம்புவதில்லை. "கார்பனேட்டில் பிணைந்தது" என்று பட்டைக்குப் பெயர் வைத்தாலும், உண்மையில் அது "அசிட்டிக் அமிலத்தில் வந்தது" மட்டுமே. ஒரு படியில் கரைந்தது அதே புட்டியில் வேறு துகளில் போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. உலோகம் எங்கே இருக்கலாம் என்று யோசிக்க உதவும். எவ்வளவு வெளியேறும் என்று அது சொல்லவே இல்லை.

கடல் நீரைக் கசிவுத் திரவமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. குளோரைடு காட்மியத்தோடும் பாதரசத்தோடும் அணைவாகி அவற்றைக் கரைசலில் தக்கவைக்கும், எனவே சுத்த நீரில் எடுத்த எண்ணைக் கடலுக்குப் பொருத்தக் கூடாது. இன்னொன்று கருவியில். தனிமங்களை அயனிகளாக்கி நிறையால் பிரித்து எண்ணும் ஐ.சி.பி. நிறை நிறமாலைமானியில் ஆர்கானும் குளோரினும் சேர்ந்து நிறை எண் 75-இல் ஒரு போலி உருவாகிறது. ஆர்சனிக்கின் நிறை எண்ணும் 75. இந்தப் போலியை வடிகட்டும் மோதல் அறை இல்லாத பழைய கருவியில் வெறும் கடல் நீரைக் கொடுத்தாலும் ஆர்சனிக் இருப்பதாகச் சொல்லும். அந்தப் போலி ஆர்சனிக்கைத் துரத்திக்கொண்டு ஒரு மாலை முழுக்க ஓடியிருக்கிறேன்.

அதே சேறு கரைக்கு ஏறினால்

தூர்வாரிய வண்டலைக் கரையில் கொட்டப்போகிறார்கள் என்றால் மேலே சொன்ன கடல் சோதனைகளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். சேறு காயும், வெடிக்கும், காற்று உள்ளே போகும். இரும்புச் சல்பைடும் பைரைட்டும் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகும். சிப்பி ஓடும் சுண்ணாம்பும் போதுமான அளவு இருந்தால் அதை விழுங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் பி.எச். சரியும், துத்தநாகமும் காட்மியமும் மழையோடு கிளம்பும். இங்கே நான் போடும் வரிசை: முதலில் அமிலம் உண்டாக்கும் அளவையும் அதை விழுங்கும் அளவையும் ஒப்பிடுவது. அப்புறம் சுரங்கக் கழிவுக்குச் செய்வதுபோல மூன்று நாள் உலர்காற்று, மூன்று நாள் ஈரக்காற்று, ஏழாம் நாள் அலசல் என்று வாரச் சுழற்சியில் மாதக்கணக்கில் ஓட்டுவது. அவ்வளவு காலம் இல்லையென்றால், காற்றில் பழுக்கவிட்ட மாதிரிக்கும் பச்சை மாதிரிக்கும் பி.எச். வளைகோடு எடுத்து இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. முதலில் வரும் கசிநீர் கடல் உப்பாகவே இருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். பயிர் உள்ள நிலத்துக்குப் பக்கத்தில் உலோகத்துக்கு முன்னால் உப்புதான் சேதம் செய்யும்.

எரியுலைச் சாம்பலுக்கு முடிவு எளிது. தொடக்கத்தில் ஒருமுறை மொத்த அளவு, பி.எச். வளைகோடு, ஒரு குழாய்ச் சோதனை. அதன் பிறகு வாரம் ஒரு குலுக்கல் போதும், அதில் வரும் எண்ணை வளைகோட்டில் வைத்துப் படிக்கவேண்டும். வண்டலுக்கு, போகும் இடம் தெரியும்வரை எந்தச் சோதனைக்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆனால் மாதிரி எடுப்பதைத் தள்ளிப்போட முடியாது, அதில்தான் நான் ஒருமுறை வசமாக மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திட மாதிரி எதுவானாலும் 105 டிகிரியில் காயவைத்துச் சலிக்கவேண்டும் என்று ஆய்வக நடைமுறைத் தாளில் எழுதியிருந்தது. கறுப்பு வண்டலையும் அப்படியே இரவு முழுக்க அடுப்பில் வைத்தேன். காலையில் செங்கல் நிறத்தில் ஒரு வறட்டி இருந்தது. நாற்றமே இல்லை, நல்லதுதான் என்று நினைத்தேன். குலுக்கியதில் துத்தநாகமும் காட்மியமும் எகிறின. அறிக்கை போனது, திட்டம் நின்றது. மூன்று வாரம் கழித்து ஒரு மூத்தவர் ஈர மாதிரியில் மறுபடி செய்யச் சொன்னபோதுதான், நான் அளந்தது கடலடியை அல்ல, ஓர் இரவு அடுப்பு செய்த வேலையை என்று புரிந்தது. இப்போது வண்டல் எடுத்தால் புட்டியை விளிம்புவரை நிரப்புகிறேன், மேலே காற்றுக்கு இடமே விடுவதில்லை. நைட்ரஜன் நிரப்பிய பைக்குள் வைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் இருட்டில் அனுப்புகிறேன். மூடிமேல் மாதிரி எண்ணைவிடப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும்: "காயவைக்காதீர்கள்."